நான்கு முறை திரும்பி வந்த மிக்ஸர்

பல மைக்குகளின் ஒலியைக் கலந்து தரும் அந்த எட்டு சேனல் ஆடியோ மிக்ஸர் முதல் முறை என்னிடம் வந்தபோது புகார் ஒரே வரிதான்: போன் பக்கத்தில் இருந்தால் "டக்டக்... டக்டக்... டிர்ர்ர்" என்று பதிவில் சத்தம் விழுகிறது. மூடியைத் திறந்தேன். தளர்ந்திருந்த இரண்டு இணைப்புகளை மறுபடி பற்றவைத்தேன். என் போனை மிக்ஸர் மேலேயே வைத்து ஒரு அழைப்பு விடுத்துப் பார்த்தேன். சத்தமே இல்லை. கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது. உள்ளீட்டு ஐசியை மாற்றினேன், மறுபடி போன், மறுபடி அமைதி. திரும்பவும் வந்தது. மூன்றாவது முறை கேபிள்தான் காரணம் என்று சொல்லிப் புதுக் கேபிள் போட வைத்தேன். நான்காவது முறை கொண்டு வந்து வைத்தவர் கோபப்படவில்லை. "உங்ககிட்ட இருக்கும்போது நல்லாத்தான் சார் இருக்கு. என் ரூமுக்குப் போனாத்தான் கத்துது" என்றார்.

அன்று இரவு முழுக்க அந்த வாக்கியமே மனதில் ஓடியது. அவர் சொன்னது அப்படியே உண்மை. தப்பு என் சோதனையில் இருந்தது.

ஜிஎஸ்எம் (2ஜி) போன் எப்போதும் ஒரே சக்தியில் பேசுவதில்லை. 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அதன் உச்சம் 33 டிபிஎம் (1 மில்லிவாட்டுக்கு மேல் எத்தனை டெசிபெல் என்ற அளவு), அதாவது 2 வாட். கோபுரம் பக்கத்தில் இருந்தால் 5 டிபிஎம் வரை, அதாவது ஏறத்தாழ 3 மில்லிவாட் வரை இறங்கிவிடும். இடைவெளி 28 டெசிபெல். என் மேசையில் சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நிற்கும், அதனால் போன் முணுமுணுத்தால் போதும். அவர் அறையில் ஒரு கோடுதான் தெரியும், அங்கே அது முழுக் குரலில் கத்தியாக வேண்டும்.

இதோடு முடியவில்லை. ரேடியோ அலை ஆடியோ சர்க்யூட்டுக்குள் நுழைந்து கேட்கும் ஒலியாக மாறுவது உள்ளீட்டு டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் சந்திப்பில். அந்தச் சந்திப்பு நேர்கோட்டில் நடந்துகொள்வதில்லை. சிறிய அளவு ரேடியோ சிக்னலுக்கு அதிலிருந்து வரும் ஒலி, சிக்னலின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப ஏறி இறங்கும். ரேடியோ சிக்னல் 1 டெசிபெல் குறைந்தால் ஒலி 2 டெசிபெல் குறையும். அப்படியானால் 28 டெசிபெல் வித்தியாசம் காதுக்கு வரும்போது 56 டெசிபெல். என் மேசையில் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒன்று அவர் அறையில் பேச்சையே மூடிவிடும். மூன்று முறை நான் "சரியாகிவிட்டது" என்று சொன்னதற்கு எந்த ஆதாரமும் இருந்ததில்லை. அந்த மூன்று முறையும் அவர் பணமும் நேரமும் போனது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அதனால் இந்த முறை சால்டரிங் அயனைத் தொடும் முன்பே ஒன்றை முடிவு செய்தேன். எவ்வளவு இடையூறு கொடுக்கிறேன் என்பது எனக்குத் தெரிய வேண்டும், நாளை அதே அளவை மறுபடி கொடுக்க முடிய வேண்டும். அது இல்லாமல் எந்தப் பாகத்தையும் மாற்றுவதில்லை.

ஆய்வகங்கள் இதை எப்படிச் செய்கின்றன என்று முதலில் பார்த்துக்கொண்டேன். ஐ.இ.சி. என்ற சர்வதேச மின்தரநிலை அமைப்பின் 61000-4-6 என்ற முறை 150 கிலோஹெர்ட்ஸ் முதல் 80 மெகாஹெர்ட்ஸ் வரை இடையூறைக் கேபிள் வழியாகவே உள்ளே செலுத்துகிறது. அதற்கு மேல் 61000-4-3, ஆன்டெனாவை வைத்துக் காற்றுவழியாக. இந்த 80 மெகாஹெர்ட்ஸ் எல்லைக்குக் காரணம் உண்டு. அந்த அதிர்வெண்ணில் அலைநீளம் ஏறத்தாழ 3.75 மீட்டர். அதற்குக் கீழே போகப் போகப் பெட்டி அலைநீளத்தின் முன் சிறுத்துவிடும், அதில் மாட்டியிருக்கும் கேபிள்தான் உண்மையான ஆன்டெனா. இரண்டு முறையிலும் ரேடியோ அலையின் மீது 1 கிலோஹெர்ட்ஸ் தொனியை 80 சதவீத ஏ.எம். பண்பேற்றமாக (அலையின் உயரத்தை ஏற்றி இறக்கும் முறையில்) ஏற்றுவார்கள். ஆடியோக்காரனுக்கு இது பெரிய வசதி. கருவி எங்காவது ரேடியோ அலையைப் பிடித்து உடைத்தால் வெளியீட்டில் சுத்தமான 1 கிலோஹெர்ட்ஸ் விசில் கேட்கும், ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரத்தில் தனி ஊசியாக எழுந்து நிற்கும். தேட வேண்டியதே இல்லை.

வீட்டு உபயோகக் கருவிகளுக்குக் காற்றுவழிச் சோதனையில் வழக்கமான அளவு மீட்டருக்கு 3 வோல்ட். எளிய இருமுனை ஆன்டெனாவுக்கு ஒரு கணக்கு உண்டு: வாட்டின் வர்க்கமூலத்தை 7-ஆல் பெருக்கித் தூரத்தால் வகுத்தால் புல வலிமை. 2 வாட் போன் 1 மீட்டரில் இருந்தால் கிட்டத்தட்ட 10 வோல்ட். ஆக, சோதனையில் தேறிய கருவிகூட மேசையில் கிடக்கும் போனுக்குத் தோற்கலாம். தேர்ச்சிச் சான்றிதழை மட்டும் நம்பக் கூடாது என்று நான் நினைப்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மேசையைத் தயார் செய்தேன். ஒரு துத்தநாகத் தகட்டை விரித்து அதன் மேல் 10 சென்டிமீட்டர் தெர்மகோல், அதன் மேல் மிக்ஸர். கேபிள்கள் தகட்டிலிருந்து 3 சென்டிமீட்டருக்குக் குறையாத உயரத்தில், டேப் போட்டு அசையாமல். இது ஆய்வக அமைப்பின் ஏழைப் பதிப்பு, ஆனால் கேபிளை அசையவிடாமல் ஒட்டியது மட்டுமே எனக்குப் பாதி வேலையை முடித்துக் கொடுத்தது. ஒட்டுவதற்கு முன் கேபிளின் மேல் கை வைத்தாலே அளவு தாறுமாறாக மாறியது.

மைக் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு போலி மைக்: எக்ஸ்.எல்.ஆர். என்ற மூன்று பின் மைக் பிளக்குக்குள் (பின் 1 கேபிளின் ஷீல்டு என்ற மேலுறைக் கவசத்துக்கு, 2-உம் 3-உம் ஒலிக்கு) பின் 2-க்கும் 3-க்கும் நடுவே 150 ஓம் ரெசிஸ்டர், மூடி உலோகம். வெளியீடு கணினியின் வெளி சவுண்ட் கார்டுக்கு, திரையில் ஸ்பெக்ட்ரம்.

முதல் நாள் அளந்ததெல்லாம் வீண். ஜெனரேட்டரின் ரேடியோ அலையை எந்தச் சேனலில் செலுத்தினாலும் ஒரே அளவு விசில். சந்தேகம் வந்து மிக்ஸரையே அணைத்தேன், விசில் அப்படியே இருந்தது. ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டிருந்தது சவுண்ட் கார்டு! அதன் கேபிளை, ரேடியோ அலையைத் தடுக்கும் பெரிய ஃபெரைட் வளையத்தில் ஏழு சுற்று சுற்றி, கார்டை இரண்டு மீட்டர் தள்ளி வைத்த பிறகுதான் அடங்கியது. அன்றிலிருந்து ஒவ்வொரு அளவீட்டுக்கும் முன்னால் கருவியை அணைத்து ஒரு முறை, அளக்கும் கேபிளை மட்டும் வைத்து ஒரு முறை என்று பார்த்துவிடுகிறேன். இதைத் தாண்டிப் போக எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

சரி, முதல் சோதனை. இதற்கு ரேடியோ ஜெனரேட்டர்கூட வேண்டாம். 1995-இல் ஆடியோ பொறியாளர் நீல் மன்சி "பின் 1 பிரச்சினை" என்று பெயர் வைத்துப் பேசிய குறையை, அதாவது கேபிள் ஷீல்டை வெளிப்பெட்டியில் கட்டாமல் உள்ளே போர்டில் கட்டுவதை, தேடும் எளிய பெட்டி இது. அதே ஆண்டு ஜான் வின்ட் எழுதியது, "ஹம்மர்" என்றே பெயர். 12 வோல்ட் ஏ.சி. கொடுக்கும் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் ஒன்று, தொடரில் 1என்4007 டயோடு, சிவப்பு எல்.இ.டி., 220 ஓம் 1 வாட் ரெசிஸ்டர், இரண்டு முதலைக் கிளிப்புகள். 12 வோல்ட்டின் உச்சம் 17, அதில் டயோடும் எல்.இ.டி.யும் 2.7 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 14.3-ஐ 220-ஆல் வகுத்தால் உச்ச மின்னோட்டம் 65 மில்லியாம்ப். பாதி அலைதான் ஓடும் என்பதால் வெறும் ஹம்மாக (மின்சார முனகலாக) இல்லாமல் மடங்குகளோடு கரகரவென்று இருக்கும், காதுக்கு உடனே அகப்படும். எல்.இ.டி. எரிந்தால் மின்னோட்டம் ஓடுகிறது, கிளிப் சரியாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அடாப்டர் கட்டாயம் டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாக, மின்வழங்கலிலிருந்து பிரிந்ததாக இருக்க வேண்டும். கருவியின் எர்த் கம்பியை எந்தக் காரணத்துக்காகவும் கழற்றக் கூடாது.

ஒரு கிளிப்பைச் சேசிஸில், அதாவது மிக்ஸரின் உலோகப் பெட்டியில், மாட்டினேன், மற்றதை ஒவ்வொரு எக்ஸ்.எல்.ஆரின் பின் 1-இலும் தொட்டேன். ஒழுங்காக வடிவமைத்த கருவியில் ஒன்றும் கேட்கக் கூடாது. கேபிளின் ஷீல்டில் வரும் குப்பை மின்னோட்டம் பின் 1 வழியாக நேரே சேசிஸுக்குப் போய், பெட்டியின் வெளிப்புறமாகவே எர்த்துக்கு இறங்கிவிட வேண்டும். இங்கே ஒன்றாம் சேனலில் தொட்டதும் ஸ்பீக்கர் உறுமியது. திரையில் ஹம் முழு அளவுக்கு 42 டெசிபெல் கீழே நின்றது. எட்டு சேனலும் கிட்டத்தட்ட அதேதான். எட்டாவது கொஞ்சம் குறைவு, அது பவர் சப்ளைக்குப் பக்கத்தில் இருப்பதால்.

மூடியைத் திறந்து பின் 1-இன் பாதையை விரலால் தொடர்ந்து போனேன். கனெக்டரின் கால் போர்டில் நேராகச் சால்டர் ஆகியிருக்கிறது. அங்கிருந்து 1 மில்லிமீட்டர் அகலச் செம்புத் தடம், உள்ளீட்டு ஐசியின் அடியில் வளைந்து, மற்ற சேனல்களின் கிரவுண்டோடு சேர்ந்து, மொத்தம் 18 சென்டிமீட்டர் பயணித்துப் பவர் சப்ளை அருகே ஒரே ஒரு திருகு வழியாகச் சேசிஸுக்குப் போகிறது. வழக்கமான 35 மைக்ரான் செம்பில் அந்தத் தடத்தின் தடை சுமார் 0.09 ஓம். கேட்பதற்கு ஒன்றுமில்லாத எண். ஆனால் 65 மில்லியாம்ப் அதில் ஓடினால் முனைகளுக்கு இடையே 5.8 மில்லிவோல்ட். மைக் கொடுப்பதே சில மில்லிவோல்ட்தான். அந்தத் தடத்தின் நடுவே எங்கோ ஐசி தன் "பூஜ்ய"த்தை எடுத்துக்கொள்கிறது. ஆக, ஐசிக்குப் பூஜ்யம் என்று காட்டப்படும் புள்ளியே ஆடிக்கொண்டிருக்கிறது.

ரேடியோ அதிர்வெண்ணில் இது இன்னும் மோசம். அங்கே தடத்தின் தடையைவிடத் தூண்டம்தான் (இண்டக்டன்ஸ், அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டத்தைக் கூடுதலாகத் தடுக்கும் பண்பு) பேசும். சென்டிமீட்டருக்கு 10 நானோஹென்றி என்று தோராயமாக வைத்தால் 180 நானோஹென்றி. 25 மெகாஹெர்ட்ஸில் அது 28 ஓம். போன் அலையைப் பொறுத்தவரை அந்தத் தடம் கிரவுண்டே இல்லை, பெட்டிக்குள் நீட்டி வைத்த ஆன்டெனா.

திருத்தம் கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். ஒவ்வொரு கனெக்டரிலும் பின் 1-இலிருந்து கிளம்பும் தடத்தைக் கத்தியால் அறுத்தேன். பின் 1-இலிருந்து தட்டையான செம்புப் பின்னல் ஒன்றை 2 சென்டிமீட்டருக்குள் பக்கத்துச் சேசிஸ் திருகுக்குக் கொண்டுபோனேன். திருகைச் சுற்றிப் பெயின்ட்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கினேன். எட்டு கனெக்டருக்கு ஒரு மாலை முழுக்க ஆனது. கம்பிக்குப் பதில் தட்டைப் பின்னல் ஏன் என்றால் அகலமான கடத்தியில் தூண்டம் குறைவு. நீளத்தைக் குறைப்பது அதைவிட முக்கியம். ஆடியோக் கருவிகளில் கேபிள் ஷீல்டை இப்படி நேராகச் சேசிஸில் கட்ட வேண்டும் என்பதையே 2005-இல் ஆடியோ பொறியாளர் சங்கத்தில் ஏ.ஈ.எஸ். 48 என்ற தரநிலையாக எழுதி வைத்தார்கள். அதற்குப் பிறகும் பின் 1-ஐப் போர்டில் கொண்டுபோய்ச் சொருகும் கருவிகள் வந்துகொண்டே இருப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். சரியாகச் செய்ய ஒரு திருகும் ஒரு துண்டுச் செம்பும் போதும்.

மூடியைப் போட்டு ஹம்மரைத் தொட்டேன். எட்டிலும் அமைதி. திரையில் ஹம் ஊசிகள் இரைச்சலின் அடிமட்டத்துக்குள் போய்விட்டன. ஆசையோடு ஒரு கண்டென்சர் மைக்கை மாட்டி கேபிள் வழியாகவே மைக்குக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் ஃபான்டமை இயக்கினேன். மைக் உயிர் பெறவில்லை. வேறு மைக், வேறு கேபிள், எதிலும் இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஃபான்டம் மின்னோட்டம் பின் 2, 3 வழியாக மைக்குக்குப் போய்ப் பின் 1 வழியாகத் திரும்புகிறது. முன்பு அது போர்டுத் தடத்தில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அதை அறுத்துவிட்டதால் இப்போது சேசிஸ் வழியாக, பவர் சப்ளை அருகில் இருக்கும் அந்த ஒற்றைத் திருகு வழியாகத்தான் திரும்ப வேண்டும். அந்தத் திருகு தொழிற்சாலையிலேயே பெயின்ட்டின் மேல் முறுக்கப்பட்டிருந்தது. மீட்டர் வைத்தால் திறந்த இணைப்பு! முதலில் ஹம்மரைத் தொட்டபோது அரைகுறையாக ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் தொடர்பு, போர்டை அசைத்து வேலை செய்ததில் முழுக்க விட்டுப்போயிருந்தது. அங்கேயும் சுரண்டி, பல் வாஷர் போட்டு, பக்கத்தில் இன்னொரு பின்னலும் சேர்த்தேன். மைக் பேசியது. இந்த வேலையைச் செய்கிறவர்கள் தடத்தை அறுப்பதற்கு முன்பே அந்தத் திருகை மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ரேடியோ. என் ஜெனரேட்டர் 13 டிபிஎம் வரை கொடுக்கும், அதாவது 50 ஓமில் 1 வோல்ட். கோஆக்ஸியல் கேபிளின் நடுக்கம்பி பின் 1-க்கு, ஷீல்டு சேசிஸுக்கு, 1 கிலோஹெர்ட்ஸ் 80 சதவீத ஏ.எம். பின் 1-ஐச் சேசிஸில் கட்டிய பிறகு இந்தச் சோதனையில் விசில் காணாமல் போயிற்று. ஆனால் கேபிள்தான் நிஜ ஆன்டெனா என்பதால் அதற்கும் ஒரு வழி வேண்டும். இரண்டாகப் பிளக்கக்கூடிய ஃபெரைட் வளையத்தில் மூன்று சுற்று சுற்றி ஜெனரேட்டரோடு இணைத்தேன், வளையத்தின் நடுவே 3 மீட்டர் மைக் கேபிளை ஒரு முறை நுழைத்தேன். இன்னொரு வளையத்தில் சில சுற்று போட்டு 50 ஓம் சேர்த்தால் கேபிளில் எவ்வளவு மின்னோட்டம் ஓடுகிறது என்றும் தெரிந்துவிடும். இரண்டையும் சேர்த்து என் மேசைக்கு ஒரு நிலையான அளவுகோல் ஆனது.

ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்கிறேன். இப்படிச் செலுத்தும்போது அந்தக் கேபிள் காற்றிலும் பரப்பும். சில மில்லிவாட் என்றாலும் அக்கம்பக்கத்து ரேடியோவைக் கெடுக்கலாம். விமானத் தொடர்பு, அவசரச் சேவை அதிர்வெண்களை முழுக்கத் தவிர்த்தேன். மற்றவற்றிலும் குறைந்த அளவு, சில நொடிகள், அவ்வளவுதான்.

ஆய்வகம் ஒவ்வொரு படியிலும் அதிர்வெண்ணை 1 சதவீதம் ஏற்றும். 150 கிலோஹெர்ட்ஸிலிருந்து 80 மெகாஹெர்ட்ஸுக்குப் போக 630 படிகளுக்கு மேல் ஆகும். நான் கையால் திருப்புகிறவன் என்பதால் முதலில் பெரிய படிகளில் ஓட்டி, விசில் எழும் இடத்தில் மட்டும் நுணுக்கமாக இறங்கினேன். 3 மீட்டர் கேபிளுக்கு கால் அலை 25 மெகாஹெர்ட்ஸ், அரை அலை 50. எதிர்பார்த்தபடியே 24-க்கு அருகில் ஒரு மேடு, 47-க்கு அருகில் இன்னொன்று.

24-இல் எழுந்தது உண்மையிலேயே மிக்ஸர் பிடித்ததுதானா என்று உறுதி செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜெனரேட்டரை 6 டெசிபெல் குறைத்தேன். விசில் 12 டெசிபெல் இறங்கியது. இருமடி விதி, ஆகவே ஒரு டிரான்சிஸ்டர் சந்திப்பு ரேடியோ அலையை உடைக்கிறது. 6 மட்டும் இறங்கியிருந்தால் அது ஜெனரேட்டரின் 1 கிலோஹெர்ட்ஸே நேராகக் கசிகிறது என்று அர்த்தம், மிக்ஸரில் தேடுவது வீண். நான் செய்த சோதனைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒரு குமிழைத் திருப்பினால் பதில் வந்துவிடுகிறது.

எந்தச் சந்திப்பு? உள்ளீட்டு ஐசிதான் என்று நினைத்து ஒன்றாம் சேனலின் ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இறக்கினேன். விசில் அசையவில்லை. எல்லாச் சேனலையும் இறக்கினேன், அப்போதும் அப்படியே. பிறகு கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஹெட்போனைக் கழற்றிய நொடியில் பெரும்பகுதி போய்விட்டது. ஹெட்போன் வயரும் ஓர் ஆன்டெனா, மைக் கேபிளில் நான் ஏற்றிய அலை சேசிஸ் வழியாக ஓடி அந்த வழியாக வெளியேறப் பார்க்கிறது. பிளாஸ்டிக் கழுத்து உள்ள அந்த ஜாக்கின் கிரவுண்ட் தொடுமுனையான ஸ்லீவ், பின் 1 போலவே போர்டில்தான் இறங்கியிருந்தது. வெளியீட்டு வழியாக நுழையும் ரேடியோ அலை ஃபீட்பேக் பாதை வழியே ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டுக்கே திரும்பி வந்துவிடும். வெளியீடுதானே, இங்கே என்ன நுழையப் போகிறது என்று நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஸ்லீவைச் சேசிஸோடு கட்டி, இரண்டு வெளியீட்டு வழியிலும் ஃபெரைட் மணி ஒவ்வொன்று தொடரில் போட்டதும் 24-இன் மேடு 30 டெசிபெலுக்கு மேல் இறங்கியது.

அப்புறம் கெபாசிட்டர். போன் அலைக்கு இதுதான் உண்மையான மருந்து, நான் முதலில் தப்பாகக் கொடுத்த மருந்தும் இதுதான். பின் 2, பின் 3 இரண்டிலிருந்தும் சேசிஸுக்கு 220 பிக்கோஃபாரட் கால் வைத்த செராமிக் கெபாசிட்டர்களைப் போட்டேன். குறைந்த அதிர்வெண்களில் நன்றாக வேலை செய்தது. போனை வைத்தால் சத்தம் மாறவே இல்லை. கணக்குப் போட்ட பிறகு புரிந்தது. காலின் நீளம் மொத்தம் 1 சென்டிமீட்டர் என்றால் அது 10 நானோஹென்றி. 220 பிக்கோஃபாரடோடு சேர்ந்து 107 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு (ரெசொனன்ஸ்). அதற்கு மேல் அது கெபாசிட்டராக நடந்துகொள்வதில்லை, தூண்டியாகத்தான். 900 மெகாஹெர்ட்ஸில் அந்தக் காலுக்கு மட்டும் 56 ஓம்.

அவற்றைக் கழற்றி, காலில்லாத சிப் கெபாசிட்டர்களைக் கனெக்டர் காலுக்கும் செம்புப் பின்னலுக்கும் நடுவே நேரடியாகச் சால்டர் செய்தேன். அவற்றின் தூண்டம் 1 நானோஹென்றி அளவுதான் இருக்கும். அதோடு 33 பிக்கோஃபாரட் சேர்ந்தால் ஒத்ததிர்வு 876 மெகாஹெர்ட்ஸ். சரியாகப் போன் பட்டைக்குப் பக்கத்தில் கெபாசிட்டர் தன் முழுப் பலத்தில் நிற்கிறது. மதிப்பு சிறிதானால் பயன் குறையும் என்றுதான் கை நினைக்கும், இங்கே சிறியதுதான் வென்றது. குறைந்த அதிர்வெண்களுக்காகப் பக்கத்திலேயே 220-இன் சிப்பும் ஒன்று. வகை சி0ஜி, அதாவது மதிப்பு எளிதில் மாறாத செராமிக்; ஃபான்டம் இருப்பதால் 100 வோல்ட் தாங்குவது. பின் 2-க்கும் 3-க்கும் மதிப்பு ஒன்றுபோல இருக்க வேண்டும் என்பதால் மீட்டரில் அளந்து ஜோடி சேர்த்தேன். ஏறுக்கு மாறாகப் போட்டால் சமநிலை கெட்டு, இரண்டு கம்பியிலும் ஒன்றுபோல வரும் இடையூறு, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசமாக மாறி உள்ளே போய்விடும்.

கடைசியில் மறுபடி போனுக்கே வந்தேன், இந்த முறை யோசித்து. ஜிஎஸ்எம் போன் அழைப்பைத் தொடங்கும்போது கோபுரத்தின் கதவைத் தட்டும் முதல் துடிப்புகளை, கோபுரம் அனுமதித்த உச்ச சக்தியில்தான் அனுப்பும். சக்தியைக் குறைப்பதெல்லாம் பிறகு. அதனால் பேசிக்கொண்டிருக்கும்போது கேட்காமல், அழைப்புப் பொத்தானை அழுத்திய முதல் ஒரு நொடியைப் பதிவு செய்தேன். 2ஜி மட்டும் என்று அமைத்து, போன் கனெக்டரிலிருந்து 10 சென்டிமீட்டரில், பத்து அழைப்புகள். பழைய சர்க்யூட்டோடு ஒப்பிட எட்டாம் சேனலின் கெபாசிட்டர்களை மட்டும் அதுவரை போடாமல் வைத்திருந்தேன். அந்தச் சேனலின் ஸ்பெக்ட்ரத்தில் 217 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் சீப்பின் பற்களாக நின்றன. 4.615 மில்லிநொடிக்கு ஒரு முறை போன் துடிப்பதால் வரும் எண் அது. ஒன்றாம் சேனலில் அந்தச் சீப்பு இல்லை. எட்டாம் சேனலுக்கும் போட்டு முடித்தேன்.

அமெச்சூர் ரேடியோ உரிமம் இருப்பதால் 145 மெகாஹெர்ட்ஸில் 5 வாட் கையடக்க ரேடியோப் பெட்டியாலும் பார்த்தேன். கணக்கின்படி 5 மீட்டருக்குச் சற்று மேல் நின்றால் மீட்டருக்கு 3 வோல்ட். குட்டை ஆன்டெனா என்பதால் உண்மையில் குறைவாகத்தான் இருக்கும், அதனால் 2 மீட்டருக்கு நெருங்கினேன். எஃப்.எம். அலையின் உயரம் மாறாது, அதனால் பேசுவது கேட்காது. பொத்தானை அழுத்தும்போதும் விடும்போதும் வரும் "டப்" மட்டும்தான் அடையாளம். அழைப்புக்குறியைச் சொல்லி, விட்டு விட்டு அழுத்தினேன். ஒரு டப்பும் இல்லை. ரிலே சோதனையும் ஒன்று உண்டு: ரிலே தன் மூடிய தொடுமுனை வழியாகவே தன் சுருளுக்கு மின்சாரம் எடுக்கும்படி இணைத்தால் அது தேனீபோல அதிரும், அந்த வயரை ஆடியோ கேபிளோடு 1 மீட்டர் ஒட்டிக் கட்டினால் கரடுமுரடான துடிப்புகள் பாயும். இதில் டிஜிட்டல் பாகம் உள்ள கருவிகள்தான் தடுமாறும், இந்த மிக்ஸரில் அப்படி எதுவும் இல்லை. பத்து நொடியில் முடித்துக்கொண்டேன்.

மிக்ஸரை மூடுவதற்கு முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டினேன்: ஹம்மரின் மின்னோட்டம், கேபிளின் நீளம், கெயின் குமிழ் இருந்த இடம், ஒவ்வொரு சேனலின் முன், பின் அளவு. அடுத்து யார் திறந்தாலும், அது நானாகவே இருந்தாலும், அதே சோதனையை அப்படியே மறுபடி செய்ய முடியும். 47 மெகாஹெர்ட்ஸில் ஹெட்போன் மாட்டியிருக்கும்போது மட்டும் இரைச்சலுக்கு மேல் 4 டெசிபெல் விசில் இன்னும் இருக்கிறது. ஹெட்போன் வயரில் ஒரு பிளக்கக்கூடிய ஃபெரைட்டைப் போட்டால் அதுவும் அடங்குகிறது. அந்த வளையத்தை வயரோடு கொடுத்து, அது எதற்கு என்று அவரிடம் சொன்னேன். இந்த முறை பணம் வாங்கவில்லை.